மேசைக்கு இந்தப் பக்கம்

1

விடைத்தாள் திருத்தும் மையத்தில் யாருக்கும் பேர் கிடையாது. தாளின் முகப்பைக் கிழித்தெடுத்துவிட்டு ஒரு எண்ணைப் போட்டுத்தான் நம் கையில் கொடுப்பார்கள். எந்தக் கல்லூரி, எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. சாதி தெரியவே தெரியாது. ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று நானும் பல வருசம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2018 ஏப்ரல். காலைக் கட்டை முடித்து, சாப்பிட்டு வந்து, மதியக் கட்டைப் பிரித்தேன். இளங்கலைத் தமிழ், தற்கால இலக்கியம். 10 மதிப்பெண் வினா ஒன்று: 'கருக்கு' காட்டும் தலித் மக்களின் அவலநிலையைத் தொகுத்துரைக்க. எந்தத் தாளை எடுத்தாலும் ஒரே விடைதான். முன்னுரை, தீண்டாமைக் கொடுமை, வறுமை, கல்வியின் இன்றியமையாமை, முடிவுரை. எல்லாம் கைடில் உள்ளது. யோசிக்காமல் 6 போட்டுக்கொண்டே போகலாம்.

ஒரு தாள் மட்டும் கையை நிறுத்தியது. 'கருக்கு'வில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கயிற்றில் பிடித்து, பொட்டலத்தில் கை படாமல் தூக்கிக்கொண்டு போவார். விசயம் தெரியாத சின்னப்பெண் அதைப் பார்த்துச் சிரிப்பாள். இந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, தாளை எழுதிய பிள்ளை தன் சொந்தக் கதைக்குத் திரும்பியிருந்தது. அதன் பாட்டி பண்ணைக்காரர் வூட்டுத் திண்ணையில் குந்த மாட்டாளாம், தரையிலதான் குந்துவாளாம். ஒருநாள் கூடப் போன பேரப்பிள்ளை திண்ணையில் குந்திவிட்டது. பண்ணைக்காரர் ஒண்ணும் சொல்லலையாம். பாட்டிதான் கையைப் பிடிச்சுத் தரதரன்னு வூட்டுக்கு இட்டாந்து அடிச்சுதாம். கருக்குல அந்தப் பொண்ணு சிரிக்கிறது பயப்படக் கத்துக்கிறதுக்கு முன்னாடி வர்ற சிரிப்பு, எனக்கு அந்தச் சிரிப்பை எங்க பாட்டி அடிச்சு நிறுத்திட்டா என்று ஏறக்குறைய இப்படி முடித்திருந்தது.

'கருக்கு' 1992இல் வந்தது. அதைப் பற்றி ஆய்வேடு ஆய்வேடாகக் குவித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பைப் பற்றி இப்படி ஒரு வரியை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை. 8 போட்டேன்.

சீஃப் எக்ஸாமினர் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி வந்தார். என் கட்டிலிருந்து நாலைந்து தாளை உருவினார். அதில் இதுவும் வந்துவிட்டது.

"என்ன சார் இது? கருக்கைப் பத்தி எழுதச் சொன்னா கருக்கு மாதிரியே எழுதி வச்சிருக்கு." பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். வூடு, குந்து, இட்டாந்து என்று ஒவ்வொரு சொல்லையும் பேனாவால் தொட்டுக் காட்டினார். "கொச்சை நடை. இதுக்கு எட்டா? நீங்களே இப்படிப் போட்டா எப்படி சார்?"

இந்த 'நீங்களே'யை இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒங்க ஆளுங்களுக்கு நீங்களே அள்ளிப் போடறீங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க, எதுக்கு வம்பு என்பது அதன் பொழிப்புரை. தாளில் பேர் இல்லை, சாதி இல்லை. ஆனாலும் இது 'எங்க ஆளு' தாள்தான் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை. எண்ணுக்குச் சாதி கிடையாது. 'குந்துவா'ளுக்கு இருக்கிறது.

நான் எதிர்த்துப் பேசவில்லை. 8ஐ அடித்து 4 ஆக்கிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கொச்சை என்று அவர் தொட்ட சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடும் போட்டேன். மொத்தம் 32ஆக இருந்தது 28 ஆனது. 75க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. சேரியில் பிறந்து தமிழ் படித்துத் தமிழ் வாத்தியாரான நான், பேச்சுத்தமிழில் எழுதப்பட்டதால் புகழ்பெற்ற ஒரு நூலைப் பற்றிப் பேச்சுத்தமிழில் எழுதிய ஒரு பிள்ளையைத் தமிழில் ஃபெயிலாக்கினேன்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது. குற்றத்தைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. தலித் தன்வரலாறுகளை நாம் எப்படி வாசிக்கிறோம், எதை வாசிக்காமல் விடுகிறோம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

2

முதலில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதியதும் நான்தான். வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் அந்த வருசம் நான் இருந்தேன். 'அவலநிலையைத் தொகுத்துரைக்க' என்று எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. தலித் இலக்கியம் என்றால் அவலம், அவலம் என்றால் பட்டியல், பட்டியல் என்றால் 10 மதிப்பெண். பாடத்திட்டத்துக்குள் நுழைய தலித் பிரதி கட்டுகிற வரி இது.

இப்படிக் கேட்டால் பிரதியில் இருக்கிற சிரிப்பு வெளியே போய்விடுகிறது. கோபம் போய்விடுகிறது. விளையாட்டு, கிண்டல், பட்டப்பெயர், அடங்காத வாய் எல்லாம் போய்விடுகிறது. மிஞ்சுவது இரக்கம். சாதி இந்து மாணவர் இரக்கப்பட்டு எழுதினால் 6. தலித் மாணவர் தன்மேல் தானே இரக்கப்பட்டு எழுதினாலும் 6. இரக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் வாயால் பேசினால் 4.

அடுத்து 'கல்வியின் இன்றியமையாமை.' வடைப் பொட்டலக் காட்சிக்குப் பிறகு, படிச்சு முன்னுக்கு வந்தா மதிப்பு தன்னால வரும் என்ற பொருளில் அண்ணன் தங்கைக்குப் புத்தி சொல்கிறார். நம் வகுப்பறைகள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றன. நோய் தீண்டாமை, மருந்து கல்வி, பாடம் முடிந்தது, மணி அடிக்கலாம்.

புத்தகம் அங்கே முடியவில்லையே! அந்தப் பெண் படிக்கிறாள், முதல் மாணவியாக வருகிறாள். தேங்காய் திருடினாள் என்று பட்டம் கட்டித் தலைமை ஆசிரியர் சாதியைச் சொல்லித் திட்டுகிறார். படித்து முடித்து ஆசிரியை ஆகிறாள். கன்னியர் நடத்தும் பள்ளியில் வேலை செய்கிறாள். அங்கே தலித் பிள்ளைகளைக் கேவலமாக நடத்துவதையும் எடுபிடி வேலை வாங்குவதையும் பார்த்துச் சண்டை போடுகிறாள். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று தானும் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். மடம் நடத்தும் பள்ளி வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று கண்டு, வெளியேறி வருகிறாள். அண்ணன் சொன்ன மருந்தைக் குடித்துப் பார்த்தவள் எழுதிய புத்தகம் அது. மருந்து எந்த இடத்தில் வேலை செய்தது, எந்த இடத்தில் செய்யவில்லை என்று சொல்கிற புத்தகம். நாமோ மருந்துக்கு விளம்பரமாக அதை மாற்றி வைத்திருக்கிறோம்.

நான் பார்த்த வினாத்தாள்களில் ஒன்றில்கூட ஆசிரியையாக இருக்கிற பாமாவைப் பற்றிக் கேள்வி இல்லை. கேள்வி எல்லாம் சிறுமி பாமாவைப் பற்றித்தான்.

3

தலித் எழுத்தில் வகுப்பறை பெரும்பாலும் கீழே உட்கார்ந்திருக்கிற குழந்தையின் கண்ணில்தான் தெரிகிறது. சதாராவில் படித்த அம்பேத்கர் வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய் அதில் உட்கார வேண்டும், தாகம் எடுத்தால் பியூன் வந்துதான் தண்ணீர் தர வேண்டும். 'விசாவுக்காகக் காத்திருத்த'லில் அவரே எழுதியிருக்கிறார். பியூன் வரலைன்னா தண்ணி இல்ல. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்தது. படிக்கப் போன பையனின் கையில் தலைமை ஆசிரியர் துடைப்பத்தைக் கொடுக்கிறார். மூணு நாள் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறான். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அப்பா பார்த்துத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். கே. ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தது. வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் கூனிக் குறுகுவதை அதில் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் செய்தித்தாள் படிக்கிற பழக்கம் இல்லை என்று அர்த்தம். 2022இல் ஈரோடு மாவட்டத்தில், தலித் பிள்ளைகளைப் பள்ளிக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் ஒரு தலைமை ஆசிரியை கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை எடுக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளைச் சாதி தெரியும்படி ஆசிரியர்கள் அழைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். 'வடு'வில் ஒரு கலைஞர் 2005இல் எழுதி வைத்தது, 2024இல் அரசாங்கக் குழுவின் பரிந்துரையாக வந்து நிற்கிறது. நடுவில் 19 வருசம். அந்த 19 வருசமும் அந்தப் புத்தகம் ஆய்வுப் பொருளாக நூலகங்களில் இருந்தது. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு நம் தமிழ்த்துறைகள் தம் வகுப்பறையில் எதையாவது மாற்றிக்கொண்டனவா?

மற்றவர்களை ஏன் கேட்க வேண்டும், என்னையே கேட்டுக்கொள்கிறேன். 'வடு'வை நான் நாலு வருசம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த எழுந்து நிற்கும் காட்சியை நடத்தும்போது தொண்டை அடைக்கும். அதே வருசங்களில் நான் வகுப்புப் பொறுப்பாளர். உதவித்தொகைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் நகல் கொடுக்காதவர்கள் பட்டியல் ஆபீசிலிருந்து வரும். நாளைக்குக் கடைசி நாள் என்று அவசரம். வகுப்பின் வாட்ஸப் குழுவில் அந்தப் பட்டியலை அப்படியே படம் பிடித்துப் போட்டுவிடுவேன். தலைப்பில் எஸ்.சி. / எஸ்.டி. என்று பெரிய எழுத்தில் இருக்கும். அறுபது பேர் பார்ப்பார்கள்.

ஒரு பெண் அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டது. நெட் பேக் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தனியாக வந்து, "சார், எனக்கு ஸ்காலர்ஷிப் வேணாம் சார்" என்றது. ஏம்மா என்றேன். பேசவில்லை. அதன் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அந்தப் பணம் இல்லாமல் அது எப்படிப் படிக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. அரைமணி நேரம் புத்தி சொன்னேன். என்ன நடந்தது என்று எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. 'வடு' நடந்துகொண்டிருந்தது என் வகுப்பில்தான். எழுந்து நிற்கச் சொன்னவன் நான்.

4

இங்கேதான் என் விமர்சனம் ஒரு இடத்துக்கு வந்து சேர்கிறது. பெஞ்சிலிருந்து பார்த்த வகுப்பறையை நாம் இலக்கியமாக்கிவிட்டோம். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் பல பேர் படித்து எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். தமிழில் எழுதுகிற தலித் எழுத்தாளர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பாமா ஆசிரியையாக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அழகிய பெரியவனும் சுகிர்தராணியும் ஆசிரியர்கள். ராஜ் கௌதமன் புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். இவ்வளவு சாக்பீஸ் பிடித்த கைகள் இருக்கிற இலக்கியத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பது என்ன என்பதை நாம் பேசவே இல்லை.

எழுதப்படவில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். 'கருக்கு'விலேயே இருக்கிறது, மேலே சொன்னேன். பாமாவின் அண்ணன்தான் ராஜ் கௌதமன். அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. அதில் படித்துத் திரிந்த சிலுவை, அடுத்த வருசம் வந்த 'காலச்சுமை'யில் கல்லூரி ஆசிரியர். மத்தியதர வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்ட ஒரு தலித் ஆணைத் தன்னையே கேலி செய்துகொண்டு எழுதிப்போகிறார். அந்தக் கேலி நமக்குச் சௌகரியமாக இல்லை. அதனால்தான் 'சரித்திர'த்தைப் பேசிய அளவுக்குக் 'காலச்சுமை'யைப் பேசவில்லையோ என்று தோன்றுகிறது. அடிபட்ட பையனைத் தூக்கி வைத்துக் கொண்டாடலாம். சம்பளம் வாங்குகிற, வீடு கட்டுகிற, பயப்படுகிற வாத்தியாரை என்ன செய்வது?

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். கோணிச்சாக்கில் உட்கார்ந்த அம்பேத்கரை எல்லா மேடையிலும் சொல்கிறோம். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கரை எத்தனை பேர் சொல்கிறோம்? வெளிநாட்டில் படித்து வந்த பேராசிரியர். அவர் பாடத்தைக் கேட்க மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையில் அவர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. சதாராவின் பானை பம்பாய் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. பெஞ்சிலிருந்து எழுந்து மேசைக்கு வந்ததும் பானை உடைந்துவிடவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது பானை இல்லை. ஆர்.ஓ. மெசின் இருக்கிறது. எல்லோரும் அதில்தான் பிடித்துக் குடிக்கிறோம். பானைக்குப் பதில் வேற ஒன்று வந்திருக்கிறது. பேச்சு. நான் உள்ளே நுழைந்தால் ஒரு பேச்சு நின்று வேறொரு பேச்சு ஆரம்பிக்கும். பட்டியலின மாணவர் யாராவது வகுப்புக்கு வராமல் போனால், "ஒங்க பையன் வரலையே சார்" என்று என்னிடம் சொல்வார்கள். அவன் என் துறைகூட இல்லை. நல்ல மார்க் எடுத்தால் அவன் காலேஜ் பையன். விடுதியில் சோறு சரியில்லை என்று மறியல் பண்ணினால் அவன் என் பையன். அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்குப் பேச்சாளர் பிடிப்பது, பட்டியலின மாணவர் பிரிவுக்குப் பொறுப்பு, விடுதித் தகராறில் சமாதானம் எல்லாம் என் தலையில். தொல்காப்பியம் நடத்த மட்டும் கூப்பிட மாட்டார்கள். நவீன இலக்கியத்தில் தலித் இலக்கியம் ஒரு அலகு, அதுதான் நம்ம கோட்டா.

இப்படி நெருக்குகிற இடத்தில் ஒரு மனிதன் என்ன ஆவான்? சண்டைக்காரன் ஆகலாம். பாமா ஆனார். ஊமையாகலாம். என் மாதிரி, சந்தேகத்துக்கு இடம் கொடுக்காத நியாயவான் ஆகலாம். நியாயவான் என்றால் தன் ஆட்களுக்கு மற்றவர்களைவிட ஒரு மார்க் கம்மியாகப் போடுகிறவன். தன் பிள்ளைகளின் வாயை மற்றவர்களைவிடச் சீக்கிரம் அடைக்கிறவன். திண்ணையில் குந்தின பேரப்பிள்ளையைப் பண்ணைக்காரர் அடிக்கவில்லை, பாட்டி அடித்தாள். அந்தத் தாளில் எழுதியிருந்தது என்னைப் பற்றித்தான். எனக்குத்தான் திருத்தும்போது தெரியவில்லை.

இந்த அடியை நாம் எழுத வேண்டும். சாதி இந்து ஆசிரியர் கொடுத்த பிரம்படியை எழுதிய அதே நேர்மையோடு எழுத வேண்டும். எழுதினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்று தோழர்கள் சொல்வார்கள். எதிரிக்கு இது தெரியும். 'நீங்களே' என்று ஒரு சொல்லில் அவனால் என்னைப் பணிய வைக்க முடிந்தது இது தெரிந்ததால்தான். தெரியாமல் இருப்பது நமக்குத்தான்.

5

மொழி விசயத்துக்கு வருகிறேன். நான் முதலில் ஆறு வருசம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். சூளைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள் பொங்கலுக்கு அப்புறம் காணாமல் போய், ஆடி வாக்கில் திரும்பி வரும். பேரை அடிக்காமல் வைத்திருப்பதே பெரும்பாடு. அப்படி வந்த ஒரு பையன் சூளையைப் பற்றி வகுப்பில் அற்புதமாகச் சொல்லுவான். மண்ணை மிதிக்கிறது, அச்சில் அடிக்கிறது, மழை வந்தால் பச்சைக்கல் கரைந்து போய் அப்பா தலையில் கைவைத்துக் குந்திக்கொள்வது. நான் நடுவில் நடுவில் திருத்துவேன். "குந்தினாரு இல்லடா, அமர்ந்தார்." "தண்ணி இல்ல, தண்ணீர்." நாலு தரம் திருத்தினேன். ஐந்தாவது தரம் அவன் வாய் திறக்கவில்லை.

'குந்து' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. அது கொச்சையும் இல்லை, சிதைவும் இல்லை. அமர்வது வேறு, குந்துவது வேறு. நாற்காலி இருக்கிறவன் அமர்கிறான். நாற்காலி இல்லாதவன், இருந்தாலும் அதில் உட்காரக் கூடாதவன், கரைந்துபோன பச்சைக்கல்லுக்கு முன்னால் குந்துகிறான். அந்த அப்பாவை 'அமர்ந்தார்' என்று எழுத வைத்தால் அந்த மழையே பொய்யாகிவிடும். 'கருக்கு' வந்த காலத்தில் இது என்ன நடை என்று முகம் சுளித்தவர்களுக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் நாம். பிரதிக்குக் கொடுத்த உரிமையை வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அச்சில் வந்தால் அது தலித் அழகியல். விடைத்தாளில் வந்தால் பிழை.

எதிர்வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் இருந்து முதன்முதலில் டீச்சர் வேலைக்குப் போய், தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். கோபப்பட்டார். "தம்பி, நீ காலேஜ்ல குந்திக்கினு அழகா பேசுவே. இண்டர்வியூல அந்தப் பேச்சுக்கு எவன் வேலை கொடுப்பான்? நான் அடிச்சுத் திருத்தினதாலதான் நம்ம தெருவுல இத்தினி பேரு கவர்மெண்டு வேலையில இருக்குது. நீ உள்பட."

அவர் சொல்வது பொய்யில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுகிற தமிழ் அவர் அடித்துக் கொடுத்ததுதான். அம்பேத்கர் கோட்டு போட்டது நமக்கு ஏன் முக்கியம் என்று தெரிந்தவர்களுக்கு, பொதுத்தமிழ் நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தேர்வாணையத்தின் தேர்வில் பேச்சு நடைக்கு இடமில்லை என்பதும் தெரியும். நான் கேட்பது வேறு. இன்னொரு சட்டை தைத்துக் கொடுப்பது ஒரு வேலை. போட்டிருக்கிற சட்டையைக் கிழிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் இவ்வளவு காலம் செய்து வந்திருக்கிறோம். அந்தப் பையனுக்கு 'அமர்ந்தார்' என்ற சொல்லைக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். 'குந்தினா'ரைப் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை.

6

பாடத்திட்டத்தில் தலித் இலக்கியம் நுழைந்துவிட்டது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். நுழைந்ததை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், கூடவே மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யையும் எடுத்தது. கண்டனம் எழுந்தது, நாமும் கையெழுத்துப் போட்டோம். போட வேண்டியதுதான். ஆனால் எடுக்காமல் வைத்துக்கொண்டே ஒரு பிரதியைக் கொல்லவும் முடியும். 'அவலநிலையைத் தொகுத்துரைக்க' என்று கேட்டாலே போதும். அதைத் தில்லியில் உட்கார்ந்து யாரும் செய்யவில்லை. நான் செய்தேன்.

சென்ற வருசம் பாடத்திட்டக் குழுவில் ஒரு தீர்மானம் வைத்தேன். பேச்சுவழக்கில் எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் இலக்கியத் தாள்களில் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று ஒரு வரி. "அப்ப இலக்கணம் எதுக்கு நடத்தறோம்?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு பேர் ஆதரித்தார்கள். அதில் ஒருவர் நம் ஆள் இல்லை, கிராமத்திலிருந்து வந்த இளம் பேராசிரியை. 'பரிசீலிக்கப்படும்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். உதவித்தொகைப் பட்டியலை இப்போது குழுவில் போடுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புகிறேன். ஒரு மாலை முழுக்க ஆகிறது. பரவாயில்லை.

ஆசிரியர்களாக இருக்கிற தோழர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வாங்கிய அடியை எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த அடியையும் எழுதுங்கள். நீங்கள் குறைத்த மார்க், அடைத்த வாய், நின்றுபோன பேச்சு, ஆசிரியர் அறையில் விழுங்கிய சொல், எல்லாவற்றையும் எழுதுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சாதியை அங்கே நிற்கிறவர்கள் சொன்னால்தான் தெரியும். விமர்சகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நம் தன்வரலாறுகளில் பையன் வளர்ந்து வேலைக்குப் போனதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பக்கம் இன்னும் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் 'கருக்கு' நடத்தும்போது, ஆசிரியையாக வருகிற பாமாவிலிருந்து தொடங்கினேன். சிறுமிக்குப் பிறகுதான் போனேன். நடுவில் அந்த விடைத்தாள் கதையையும் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டது.

"சார், அந்தப் புள்ள அப்புறம் பாஸ் ஆயிடுச்சா?"

"தெரியாதும்மா" என்றேன். தாளில் பேர் இல்லை. எண்ணும் எனக்கு ஞாபகமில்லை.